ஷெட்டுக்கும் சரிவுக்கும் நடுவில்

ஆறேகால் சங்கு ஊதி ஓய்ந்தது. ஷெட்டுக்குள் வேன் இருமியது. நின்றது.

வேடியப்பன் மறுபடியும் சாவியைத் திருகினான். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. பின்னால் வெள்ளையாகப் புகை வந்து மார்கழிப் பனியோடு கலந்தது. இஞ்சின் பிடிக்கவில்லை.

“இறங்குங்க” என்றான்.

பெண்கள் சோற்றுத் தூக்குப்போசிகளை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டுவதெல்லாம் போன வருடமே முடிந்திருந்தது. ஷெட்டிலிருந்து சரிவு தொடங்கும் இடம்வரை தரை மட்டம். அதுவரை தள்ள வேண்டும். அப்புறம் வண்டி தானாக உருளும். உருளும்போது கியரில் போட்டால் வளைவுக்குள் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கீழே சில்வர் ஓக் மரத்தடியில் வேடியப்பன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்பான். பெண்கள் இறக்கத்தில் ஓடிப்போய் ஏற வேண்டும். மேல்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்களின் நாள் இப்படித்தான் தொடங்கும்.

காவேரி இறங்கவில்லை.

“உனக்குத் தனியாச் சொல்லோணுமா?” என்றான் வேடியப்பன்.

“நான் தள்ளலீங்கண்ணா.”

“மேலுக்கு முடியலையா?”

“மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தள்ள மாட்டேன்.”

பின்பக்கக் கதவில் கை வைத்து நின்ற இளவரசி எட்டிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் அவள்தான் வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

“அப்ப வண்டியோட சேத்து உன்னையும் நாங்க தள்ளோணுமாக்கும்? ஏன்க்கா, உன் கனம் உனக்கே தெரியாதா?”

“நீயும் தள்ளாத கண்ணு. ஏறி உக்காரு.”

சிரிக்க வாயெடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். காவேரி விளையாடவில்லை என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

போன மார்கழியில் இதே தரையில்தான் பாவாயி விழுந்தாள். வடிகால் ஓரம் பாசி. கால் வழுக்கியது. வண்டி நகர்ந்துவிட்டதால் பிடிக்க ஒன்றுமில்லை. வலது கையை ஊன்றி விழுந்தாள். கட்டுப் போட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு உள்பக்கம் திரும்பியே இருந்தது. அந்தக் கையால் காப்பிக் கொத்தை வளைத்துப் பிடிக்க முடியாது. செருப்பு சரியில்லாமல் விழுந்தாள் என்று ஆபீஸில் முடிவு செய்தார்கள். வேலை இல்லாதவளுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு கிடையாது. வருகிற தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது.

காவேரியின் வீடும் பாவாயியின் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பாவாயி ஒரு கையால் பாத்திரம் விளக்கும் சத்தம் சுவர் வழியாக வரும். பாத்திரம் நழுவும். சத்தம் நிற்கும். மறுபடி தொடங்கும்.

காவேரி ஒரு வருடம் அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே காலையில் வந்து வண்டியையும் தள்ளினாள். போன ஞாயிற்றுக்கிழமை தலைச்சோலையில் தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் அவளுக்குள் ஏதோ மாறியது. தங்கை வீட்டுக்கு எதிரே பீன்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் நின்றது. இதே வண்டி. இதைவிடப் பழசு. அங்கே குளிரும் இதைவிட அதிகம். அந்த டிரைவர் சாவியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான், தும்மல் வரக் காத்திருப்பவன் போல. அப்புறம் திருகினான். ஒரே சத்தம். வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது.

அந்த ஒரே சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை.

இளவரசி வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். குளிருக்கு உள்ளே இதமாக இருந்ததும் ஒரு காரணம்.

ரைட்டர் சந்திரசேகர் குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டே ஷெட்டுக்கு வந்தார். யாருக்கு எந்தக் காடு என்று பிரித்துவிடுவது அவர்தான். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி அனுப்புவார். பேச்சில் எப்போதும் ஒரு வேடிக்கை இருக்கும்.

“பழம் செடியிலயே அழுகுது. இங்க என்னம்மா மாநாடு?”

“தள்ள மாட்டேங்கறாங்க” என்றான் வேடியப்பன்.

“ஏனாம்?”

“வண்டில கோளாறு இருக்குதுங்க ரைட்டரே” என்றாள் காவேரி. “அதைச் சரி பண்ணுங்க. நாங்க எதுக்குத் தள்ளோணும்?”

“கோளாறா! குளிருக்கு டீசல் வண்டி அப்படித்தான். ஏற்காட்டுல காலையில எது எந்திரிக்குது? நானே எந்திரிக்கறதில்ல.”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காவேரிக்கு அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. இன்னொரு வேடிக்கை சொன்னாரானால் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

“தலைச்சோலையில எந்திரிக்குதுங்க. இதே வண்டி. கண்ணால பாத்தேன்.”

“அப்ப தலைச்சோலைக்கே வேலைக்குப் போயிரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. “இதோ பாரு காவேரி. தள்ளறதும் வேலைதான். செய்யாதவங்க இன்னிலேர்ந்து வர வேண்டாம். லைன் ஊடு ஆருக்குன்னு தெரியுமில்ல?”

“வேலை செய்யறவங்களுக்கு. பாவாயக்காளுக்கு நீங்க சொல்றப்பவே கேட்டுக்கிட்டேன்.”

“அந்தக் கதை எதுக்கு இப்ப?”

“மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கோளாறு இல்லைன்னு அவரு வாயால சொல்லட்டும். பொட்டி சட்டியத் தூக்கிக்கிட்டு நானே அடிவாரம் எறங்கிப் போயிர்றேன். கோளாறு இருக்குதுன்னு சொன்னா, பாவாயக்கா அந்த ஊட்டுலயே இருக்கோணும்.”

இளவரசி அவள் முழங்கையைக் கிள்ளினாள். “அக்கா, உன்ற ஊட்டை ஏன் இழுக்கற?”

“மெக்கானிக் வந்து போறவரைக்கும் பழம் காத்துக்கிட்டிருக்குமா?” என்றார் ரைட்டர். வெளியே திரும்பி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “நீ அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம். இது என்ன பெரிய மலையா?”

பெண்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். வேடியப்பன் ஸ்டீரிங்கைப் பிடித்தான். இரண்டு ஆண்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தது. வடிகால் பக்கம் வந்தபோது ரைட்டரின் கால் பின்னுக்குப் போனது. முட்டி தரையில் பட்டது. பேன்ட்டில் பச்சையாகப் பாசி அப்பியது. வண்டி நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

“ரைட்டரே” என்றாள் இளவரசி ரொம்ப மரியாதையாக. “ஷூ புதுசுங்களா?”

சந்திரசேகர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். போனை எடுத்து மெக்கானிக்கின் நம்பரைப் போட்டார்.

*

ஆண்டனி ராஜ் பைக்கில் வந்து இறங்கினான். ஏற்காடு டவுனில் ஏரிக்குப் போகும் வழியில் அவனுக்கு ஒரு பட்டறை. பின்சீட்டில் தகர டூல் பெட்டி கட்டியிருந்தது. பனி இன்னும் கலையவில்லை. பத்தடி தள்ளி நின்றால் ஆள் தெரியாது.

“என்ன கோளாறு?”

“அந்தம்மாளைக் கேளு” என்றார் ரைட்டர்.

காவேரி இதற்குத் தயாராக இருந்தாள். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது. “பேட்டரிங்க. பேட்டரி போயிருச்சு.”

ஆண்டனி போனட்டைத் தூக்கினான். மீட்டரின் இரண்டு ஊசிகளை பேட்டரியில் வைத்துப் பார்த்தான். வேடியப்பனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அப்போதும் மீட்டரைப் பார்த்தான்.

“பேட்டரி குத்துக்கல்லு மாதிரி இருக்குது. வாங்கி ஒரு வருசம்கூட ஆகல.”

ரைட்டர் சிரித்தார். இந்த முறை முழுச் சிரிப்பு. “அடிவாரத்துக்கு பஸ் எப்பன்னு கேட்டு வெச்சுக்க காவேரி.”

வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது, எதில் கட்டுவது என்றுகூட அவள் மனசு ஓடியது. ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“பேட்டரி நல்லா இருக்குதுன்னா வண்டி நல்லா இருக்குதுன்னு அர்த்தமாங்க?” என்றாள்.

ஆண்டனி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “அது நான் சொல்ல வேண்டியது. நீ சொல்லிட்ட.” ரைட்டர் பக்கம் திரும்பினான். “பேட்டரியில கோளாறு இல்லன்னுதான் சார் சொன்னேன்.”

வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் வருகிறது என்று வேடியப்பனைக் கேட்டான். வண்டி பிடிக்கிறவரை வரும் என்றான் அவன். ஆண்டனி தலையாட்டினான்.

“டீசல் உள்ள போவுது. எரியாமப் புகையா வெளிய வருது. காத்து சில்லுன்னு போறதுதான் காரணம். புது இஞ்சினா இருந்தா இந்தக் குளிருக்கெல்லாம் அசராது. இதுக்கு வயசாச்சு. வயசானவங்களுக்கு வெந்நீ வெச்சுக் குடுக்கறாப்புல இதுக்கும் காத்தைச் சூடு பண்ணித் தரணும். காத்து போற வாயில ஒரு ஹீட்டர் இருக்குது. உள்ள கம்பிப் பட்டை. இஸ்திரிப் பொட்டி மாதிரி காயும். காத்து அதைத் தாண்டித்தான் உள்ள போகணும்.”

“அதுக்கு விளக்கு இருக்கே. சாவி போட்டா எரியுது, அப்புறம் அணையுது. நானே பாத்திருக்கேன்” என்றார் ரைட்டர்.

“விளக்கு அதுபாட்டுக்கு எரியும் சார். கம்பி காயுதா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

வேடியப்பனிடம் ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். பெண்களை வண்டிக்கு முன்னால் வரச் சொன்னான்.

“ஹீட்டரு கரண்டைக் குடம் குடமாக் குடிக்கும். அது குடிச்சா ஹெட்லைட்டு மங்கிரும். சாவி போடறப்ப லைட்டையே பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க.”

வெளிச்சம் பனியில் இரண்டு வெள்ளைத் தூணாக நின்றது. காவேரி இமைக்காமல் பார்த்தாள். உள்ளே மஞ்சள் விளக்கு எரிவதாக வேடியப்பன் குரல் கொடுத்தான். அணைந்துவிட்டதாகவும் சொன்னான்.

“மங்குச்சா?”

“இல்லீங்க.”

“கொஞ்சம்கூட?”

“அப்படியே நிக்குதுங்க.”

“அப்ப ஹீட்டரு வேலை செய்யல.”

ரைட்டர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். “சரி, அதுவாப் போயிருக்கும். பழைய வண்டி.”

“இருங்க சார். அதுவாப் போச்சான்னு பாப்போம்.”

ஆண்டனி டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பாடியில் மாட்டினான். மறுமுனையின் ஊசியை, ஓரத்தில் திருகி வைத்திருந்த ஒரு கறுப்பு டப்பாவில் வைத்தான். சின்ன பல்ப் பளிச்சென்று எரிந்தது. அவன் முகம் சுருங்கியது.

“சாவி எங்க?”

வேடியப்பன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான்.

“சாவி உன் கையில இருக்குது. இங்க கரண்டு நிக்குது.” ஆண்டனி டப்பாவை விரலால் தட்டினான். “இது ரிலே. ஹீட்டருக்குக் கதவு. சாவி போட்டாத் தெறக்கணும், எடுத்தாச் சாத்தணும். உள்ள ஒட்டிக்கிட்டு சாத்தாமலே கெடக்குது. அப்படின்னா ஹீட்டரு ராவும் பகலும் காயணும். காலையில பேட்டரி செத்துக் கெடக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினான். “சாகலையே. ஏன் சாகல?”

யாரையும் கேட்கவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். டப்பாவிலிருந்து போகும் தடித்த சிவப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். குழாய்க்கு அடியில் கை நுழைந்து நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தான்.

“வாங்க, எல்லாரும் வந்து பாருங்க.”

வயரின் முனை ஹீட்டரில் இல்லை. கறுப்பு டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. அசையாமல் இருக்க அதைக் குழாயோடு சேர்த்துச் சணலால் கட்டியிருந்தது. நாற்றுப் பைகளைக் கட்டுவதற்கு நர்சரியில் கொடுக்கும் சணல். இரட்டை முடிச்சு. அங்கே நின்ற எல்லாப் பெண்களும் ஆனி ஆடியில் உட்கார்ந்து போடும் அதே முடிச்சு.

“நம்ம கட்டு” என்றாள் இளவரசி மெதுவாக.

ஹீட்டரின் போல்ட் துரு ஏறிச் சிவந்து கிடந்தது.

“இது தானாக் கழண்டதில்ல” என்றான் ஆண்டனி. “கழட்டி நொம்ப நாளாச்சு.”

எல்லோரும் வேடியப்பனைப் பார்த்தார்கள். அவன் கையிலிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

“நான்தான் கழட்டுனேன்” என்றான். “பேட்டரி தெனமும் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. இதைக் கழட்டிவிட்டா நின்னுச்சு. ரிலே வாங்கிப் போட்டுட்டு மாட்டிக்கலாம்னுதான் கட்டி வெச்சேன்.”

“எப்பண்ணா?” என்றாள் காவேரி.

“அந்த மழைக்காலம்.”

“எந்த மழைக்காலம்?”

“பாவாயி உழுந்தாளே. அதுக்கு முந்தின மழைக்காலம்.”

“ரிலே கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“ஆரைக் கேட்டீங்க?”

வேடியப்பன் ரைட்டரைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்துச் சொன்னான். “வயரைக் கழட்டிட்டேன், ரிலே வேணும்னு ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்டேன். தள்றதுக்குத்தான் இத்தனை ஆளுங்க இருக்காங்களேன்னு சொன்னாரு.”

“வேடியப்பா” என்றார் ரைட்டர்.

“சொன்னீங்களே சார்.”

சந்திரசேகர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “எல்லா எஸ்டேட்லயும்...” என்று ஆரம்பித்தார்.

காவேரி அவர் முடிப்பதற்குக் காத்திருக்கவில்லை. லைன் வீடுகள் இருக்கும் பக்கம் நடந்தாள். பனி அவளை மூடிக்கொண்டது.

*

ஆண்டனி குழாயைக் கழற்றி ஹீட்டரின் கம்பிப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தான். எங்கும் அறுந்திருக்கவில்லை. போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். துரு உதிர்ந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பழைய ரிலேயைக் கழற்றி இளவரசியிடம் கொடுத்தான். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அவள் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். டப்பா கை மாறிக்கொண்டே போனது.

“இத்துனூண்டா?” என்று கடைசியில் ஒருத்தி கேட்டாள்.

டூல் பெட்டியில் புது ரிலே ஒன்று இருந்தது. ஒரு ஸ்கூல் வேனுக்கு வாங்கி வைத்ததாம். மாட்டினான். சணலை அறுத்தான். டேப்பைப் பிரித்து வயரை ஹீட்டரில் முடுக்கினான்.

“லைட்டைப் போடு. சாவி போடு.”

ஹெட்லைட் மங்கியது. தூண் இரண்டும் பழுப்பாகி வாடின.

“மங்குது! அய்யோ மங்குது!” என்று இளவரசி கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பழையபடி வெளுத்தது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. வேடியப்பன் திருகினான்.

ஒரே சத்தம்.

லைன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த காவேரி அதைக் கேட்டாள். தலைச்சோலையில் கேட்டதேதான். ஒரு கணம் நின்று கேட்டாள். அவளோடு பாவாயி இருந்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த வளைந்த கை, அதன்மேல் சால்வை. பாவாயியின் காலில் செருப்பு இல்லை.

“சரி, ஏறுங்க” என்றார் ரைட்டர். உரக்கத்தான் சொன்னார். “நடந்தது நடந்துபோச்சு. வண்டி சரியாயிருச்சு. இனிமே ஆரும் தள்ள வேண்டாம். ஏறுங்க, ஏறுங்க.”

பெண்கள் காவேரியைப் பார்த்தார்கள். யாரும் ஏறவில்லை.

அவர் அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். “உன்ற ஊட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன். போதுமா?”

“எம் ஊட்டைப் பத்தி நான் கேக்கலீங்களே.”

“மேனேஜரைக் கேட்டுத்தான் மத்தது சொல்ல முடியும். இது என் கையில இல்ல.”

“ரிலே உங்க கையிலதானுங்க இருந்துச்சு.”

“வேண்டாம் கண்ணு” என்றாள் பாவாயி. “வண்டி கெளம்பட்டும். எல்லாத்துக்கும் வேலை கெடுது.”

“நீ சும்மா இரு அக்கா.”

காவேரி முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தாள். சேர்வராயன் கோயில் திருவிழாக் கடையில் பாவாயி வாங்கியது. விழுந்த அன்று காலில் இருந்ததும் அதுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் போடவில்லை. தூக்கி எறியவும் இல்லை. வீட்டுக்குள் கதவோரம் சுவரில் சாய்த்தே வைத்திருந்தாள். அடிப்பக்கம் வரிவரியாக இருந்த பள்ளங்கள் இன்னும் தேயவில்லை. வார் அறவில்லை.

ஆண்டனி போனட்டைச் சாத்தியிருந்தான். காவேரி செருப்பை அதன்மேல், அடிப்பக்கம் தெரியும்படி கவிழ்த்து வைத்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தின்மேல் இரண்டு செருப்பும் மெல்ல நடுங்கின.

“வயரைக் கட்டி வெச்சது உங்களுக்குத் தெரியும். நாங்க தள்ளுனதும் தெரியும்” என்றாள். “இப்பச் சொல்லுங்க ரைட்டரே. அக்கா செருப்பு என்னங்க பண்ணுச்சு?”